தாதாவின் பேரேடு

தாராவிக்குள் 30,000 கோடி ரூபாய் மதிப்புள்ள நிழல் ராஜ்ஜியம் ஒன்று நடக்கிறது. அதை நடத்துகிறவர் பெயர் தலைவன். 2022 நவம்பரில் எம்எக்ஸ் பிளேயரில் வந்த ‘தாராவி பேங்க்’ இந்த ஒரு வரியை நம்பிப் பத்து எபிசோடு ஓடுகிறது. வேட்டியும் நரைத்த தாடியுமாக சுனில் ஷெட்டி தலைவன் வேஷத்தில். அவரைப் பிடித்தே தீருவது என்று அலையும் இணை ஆணையராக விவேக் ஓபராய். செம்பூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்தோம். வெயில் தாழ்வதற்குள் சோபாவில் பாதிப்பேர் தூங்கிவிட்டார்கள். என்னைத் தூங்கவிடாமல் வைத்திருந்தது அந்த 30,000 கோடிதான். எந்தச் சரக்கை விற்று, யாருக்கு வட்டிக்கு விட்டு, எந்தக் கதவு வழியாக உள்ளே வந்த பணம் இது? தோல், மண்பாண்டம், தையல், பழைய பிளாஸ்டிக் என்று தாராவியின் அத்தனை தொழிலையும் சேர்த்து ஆண்டுக்கு ஒரு பில்லியன் டாலர் புரள்கிறது என்பதுதான் ஊரில் புழங்கும் மதிப்பீடுகளில் பெரியது. ரூபாயில் எட்டாயிரம் கோடி சொச்சம். தலைவனிடம் இருப்பது அதைப் போலக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. அது எப்படி வந்தது என்று மனசில் நிற்கும்படி ஒரு காட்சிகூட இல்லை. துப்பாக்கி இருக்கிறது, குடும்பத்துக்குள் துரோகம் இருக்கிறது, தேர்தல் கணக்குப் போடும் முதலமைச்சர் இருக்கிறார். கல்லாப்பெட்டி மட்டும் இல்லை.

மும்பைத் தமிழ் தாதாவை வைத்து முப்பத்தைந்து வருஷத்துக்கும் மேலாகப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். தமிழிலும் எடுத்தார்கள், இந்தியிலும் எடுத்தார்கள். இப்போது கைபேசிக்குள் வரும் தொடர்களிலும் அவர் நுழைந்துவிட்டார். இவற்றில் எது ஏமாற்றியது, எது ஏமாற்றவில்லை என்று யோசித்தால், திருப்பம் போதவில்லை, வில்லன் சரியில்லை, பாட்டு இடைஞ்சல் என்று வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் எதுவும் நிற்பதில்லை. குற்றம் ஒரு தொழில். அதற்கு முதல் வேண்டும், ஆள் வேண்டும், சரக்கு வேண்டும், சரக்கு போகிற வழி வேண்டும், வழியில் கை நீட்டுகிறவனுக்குக் கொடுக்க மாமூல் வேண்டும். இவற்றைத் தெரிந்துகொண்டு எடுத்த படம் பாதி சொதப்பினாலும் பார்க்க முடிகிறது. தெரியாமல் எடுத்தது நட்சத்திரங்களைக் கொட்டினாலும் வறட்டுச் சண்டையாக முடிகிறது.

வரதராஜ முதலியாரின் கதையை எல்லோரும் எடுத்தார்கள்; அவருடைய தொழிலை எடுத்தவர்கள் குறைவு. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து விக்டோரியா டெர்மினஸில் மூட்டை தூக்கியவர், அந்த ரயில் நிலையத்தை ஒட்டிய பிஸ்மில்லா ஷா பாபா தர்காவில் ஏழைகளுக்குச் சோறு போட்டவர், மாட்டுங்கா ரயில் நிலையத்துக்கு வெளியே பிரம்மாண்டமான பிள்ளையார் பந்தல் போட்டவர் என்ற மூன்று சித்திரங்களும் மும்பைத் தமிழர்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த மூட்டைக்கும் பந்தலுக்கும் நடுவில் நின்றது 1949ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டம். மொரார்ஜி தேசாய் அன்றைக்கு மாகாணத்தின் உள்துறை அமைச்சர். நகரம் குடிப்பதை நிறுத்தவில்லை. வாங்கும் இடத்தை மாற்றிக்கொண்டது, அவ்வளவுதான். தாராவியின் சதுப்பு, ஆன்டாப் ஹில்லின் புதர், சயான் கோலிவாடாவை ஒட்டிய உப்பளம் என்று காவல்துறையின் ஜீப் நுழைய முடியாத இடங்களிலெல்லாம் அடுப்பு எரிந்தது. வெல்லமும் நவச்சாரமும் ஊறின. காய்ச்சிய சரக்கு மோட்டார் டயரின் டியூபில் அடைபட்டு நகரத்துக்குள் போனது. காய்ச்சுவதற்கும் சுமப்பதற்கும் கண்காணிப்பதற்கும் ஆயிரக்கணக்கான கைகள் வேண்டியிருந்தன. மழை பொய்த்த தென்மாவட்டங்களிலிருந்து ரயிலேறி வந்து, மராத்தி தெரியாமல், ரேஷன் அட்டை இல்லாமல் நின்ற ஆட்களின் கைகள் அவை. அந்தக் கைகளை ஒன்று சேர்த்தவர்தான் தாதாவானார். வள்ளல்தன்மை, பஞ்சாயத்து, பந்தல் எல்லாம் இந்த ஆள்கட்டிலிருந்து வந்தவை.

சட்டம் மாறும்போது தொழில் மாறும், தொழில் மாறும்போது தாதாவும் மாறுவார் என்பதற்கு இந்த நகரத்தைப் போல உதாரணம் கிடையாது. அறுபதுகளில் குடி பெர்மிட் தாராளமானதும் சாராயத்தின் லாபம் இறங்கத் தொடங்கியது. 1968இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. கடல்வழித் தங்கம் கொழித்தது. ராமநாதபுரம் பனைக்குளத்துக்காரரான ஹாஜி மஸ்தான் பெரிய பெயரானது அந்தக் காலத்தில்தான். 1990இல் அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். இதற்கு நடுவில் 1982 ஜனவரி 18 அன்று தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் இரண்டு லட்சத்துக்கும் மேலான குடும்பங்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. அந்த வீடுகளின் பையன்களுக்கு ஆலைக்குப் பதிலாக வேறு முதலாளிகள் கிடைத்தார்கள். மூடிய ஆலைகளின் நிலம் பிற்பாடு கட்டடமாக எழும்பியபோது குற்றமும் அந்த நிலத்துக்குக் குடிபெயர்ந்தது. நல்ல திரைக்கதை ஆசிரியருக்கு இந்தக் காலவரிசை ஒன்றே பத்துப் படத்துக்குத் தாங்கும்.

‘நாயகன்’ இன்றும் நிற்பதற்குக் கமல்ஹாசனின் நடிப்பு, பி.சி. ஸ்ரீராமின் ஒளி, இளையராஜாவின் இசை என்று சரியான காரணங்களை ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் உப்பு மூட்டையைச் சொல்வேன். சுங்கத்துறை நெருங்கும்போது சரக்கை உப்பு மூட்டையோடு கட்டிக் கடலில் இறக்கிவிடுவதும், உப்பு கரைந்த பிறகு சரக்கு தானே மேலே மிதந்து வருவதும் படத்தில் சில நிமிஷம்கூட வராது. ஆனால் வேலு நாயக்கர் ஏன் தலைவரானார் என்பதற்கு அதுதான் விளக்கம். தன் சேரியில் மற்ற யாருக்கும் தோன்றாத ஒரு தொழில்நுட்பம் அவருக்குத் தோன்றியது. அந்தத் தைரியத்தில் சேட்டிடம் கூலியைக் கூட்டிக் கேட்டார். அங்கிருந்துதான் மரியாதை தொடங்குகிறது. படத்தை இயக்கிய மணிரத்னம் எழுபதுகளின் நடுவில் பம்பாய் ஜம்னாலால் பஜாஜ் கழகத்தில் மேலாண்மை படித்தவர். மாட்டுங்காவில் ஒரு மனிதரைச் சுற்றி ஜனங்கள் கடவுளைச் சுற்றுவது போலத் திரள்வதை அந்த நாட்களில் கவனித்ததாகப் பிறகு சொல்லியிருக்கிறார். மேலாண்மை மாணவருக்குப் பக்தியோடு விநியோகச் சங்கிலியும் கண்ணில் பட்டிருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அந்தப் படம் 1987 தீபாவளிக்கு வந்தது. யாருடைய சாயலில் எடுக்கப்பட்டதோ அந்த வரதராஜர் அப்போது துணை ஆணையர் ஒய்.சி. பவாரின் நெருக்கடியால் பம்பாயை விட்டுச் சென்னையில் ஒதுங்கியிருந்தார். 1988 ஜனவரி 2 அன்று அங்கேயே மாரடைப்பில் இறந்தார். உடலைத் தனி விமானத்தில் பம்பாய்க்குக் கொண்டுவர ஏற்பாடு செய்தவர் ஹாஜி மஸ்தான். படத்தின் முடிவில் தோட்டா இருக்கிறது, நீதிமன்ற வாசல் இருக்கிறது, கூட்டம் இருக்கிறது. வாழ்க்கையின் முடிவு படுக்கையில் நடந்தது. அதற்குப் பிறகு வந்த படங்கள் எல்லாம் திரை முடிவைத்தான் பிடித்துக்கொண்டன.

இன்னொன்றும் உண்டு. ‘நாயக’னின் தாராவி பெரும்பாலும் சென்னை வீனஸ் ஸ்டூடியோவில் தோட்டா தரணி எழுப்பியது, அதற்குத் தேசிய விருதும் கிடைத்தது. முப்பது வருஷம் கழித்துப் பா. ரஞ்சித் ‘காலா’வுக்காகப் பூந்தமல்லிப் பக்கம் ஈவிபி வளாகத்தில் இன்னொரு தாராவியைக் கட்டினார். திரையில் நம்பும்படியான இரண்டு தாராவிகளும் மும்பையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் எழுந்தவை. நிஜத் தாராவியின் சந்துக்குள் காமிராவைக் கொண்டுபோய் ஓடவிட்ட எத்தனையோ படங்கள் வெறும் தகரக் கூரையையும் சாக்கடையையும் காட்டிவிட்டுத் திரும்பியிருக்கின்றன. செட்டு போடுகிறவர் எந்த வீட்டில் என்ன வேலை நடக்கிறது என்று முதலிலேயே முடிவுசெய்தாக வேண்டும். அந்தக் கட்டாயம் ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்திக்காரர்கள் நம் தாதாவைக் கையாண்ட விதம் தனிக்கதை. கோவிந்த் நிஹலானியின் ‘அர்த் சத்யா’வில் (1983) சதாசிவ் அம்ராபூர்கர் செய்த ராமா ஷெட்டி வரதராஜரை மனதில் வைத்து எழுதப்பட்டவர் என்று சொல்வதுண்டு. சில காட்சிகளில்தான் வருகிறார். ஆனால் ஒரு தொலைபேசி அழைப்பில் காவல்நிலையம் எப்படி நெளிகிறது என்பது தெரிந்துவிடும். மஸ்தானின் சாயலில் ‘தீவார்’ (1975) வந்தது என்பார்கள். அதையே ரஜினிகாந்தை வைத்துத் தமிழில் ‘தீ’ (1981) என்று எடுத்தோம். ராமநாதபுரத்துக்காரரின் கதை அமிதாப் பச்சன் வழியாகச் சுற்றிக்கொண்டு ஊருக்குத் திரும்பி வந்தது. வழியில் ராமநாதபுரம் தொலைந்துபோயிருந்தது. ‘நாயகன்’ மறுவருஷமே ‘தயாவன்’ ஆகி, வினோத் கன்னா சக்தி வேலுவாக நடித்தார். உப்பு மூட்டையெல்லாம் அங்கேயும் இருந்திருக்கலாம், யாருக்கும் நினைவில்லை. 2023இல் அமேசான் பிரைமில் வந்த ‘பம்பாய் மேரி ஜான்’ தொடரிலும் அண்ணா ராஜன் முதலியார் என்று ஒருவர், மஸ்தானையும் அந்நாளைய தாதா கரீம் லாலாவையும் ஒத்த இரண்டு பேரோடு மேசையைப் பகிர்ந்துகொள்கிறார். மூவரும் நகரத்தைப் பங்குபோடுகிறார்கள். பங்குபோடும் அளவுக்கு என்ன இருந்தது என்பதை நாமாகவே ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

தமிழில் ‘பாட்ஷா’வை (1995) இந்த வரிசையில் வைத்து விசாரிப்பது நியாயமில்லை. அதில் பம்பாய் ஒரு முன்ஜென்மம், ஊரல்ல. ஆனால் அதன் வெற்றி ஒரு கெட்ட பழக்கத்தைத் தொடங்கி வைத்தது. பம்பாய் என்று சொன்னாலே போதும், அங்கே என்ன செய்தான் என்று சொல்ல வேண்டாம் என்ற சலுகை. ‘தலைவா’ (2013) அந்தச் சலுகையில் வாழ்ந்தது. சிட்னியில் நடனமாடிக்கொண்டிருந்த பையன் அப்பாவின் நாற்காலியில் உட்காருகிறான். நாற்காலிக்குக் கீழே என்ன வியாபாரம் நடக்கிறது என்பது மரியாதை கருதி மறைக்கப்படுகிறது. ‘அஞ்சான்’ (2014) இன்னும் ஒரு படி மேலே. ராஜு பாயும் சந்துருவும் கோட்டு, கூலிங்கிளாஸ், பல்குச்சி சகிதம் நடந்து வருகிறார்கள், நடந்து போகிறார்கள். மும்பையே நடுங்குகிறது என்கிறார்கள். தினமும் காலையில் எழுந்து அவர்கள் செய்யும் வேலை என்ன என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. தியேட்டரில் சூர்யாவுக்காக ஒருமுறை பார்த்தவர்கள் இதைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

வீட்டில் பார்ப்பதன் கொடுமை அதுதான். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் அரோரா தியேட்டரில் ரஜினி படம் முதல் நாள் பார்த்த தலைமுறைக்குத் தெரியும்: கதையில் ஓட்டை விழும் இடத்திலெல்லாம் விசில் வந்து அடைத்துவிடும். மாட்டுங்கா கிழக்கின் வேட்டி மாமாவும் தாராவியின் தொண்ணூறு அடி சாலையிலிருந்து வந்த பட்டறைப் பையனும் ஒரே இருட்டில் உட்கார்ந்து கத்தும் இடம் இந்த நகரத்தில் அதிகம் கிடையாது. அந்தக் கத்தலுக்காகவே டிக்கெட் எடுக்கலாம். வீட்டில் விசில் இல்லை. குக்கர் விசில்தான். நடுவில் நிறுத்தி டீ போடுகிறோம். திரும்பி வந்து பார்த்தால் உறைந்து நிற்கும் முகத்தில் மேக்கப் தெரிகிறது. பின்னோக்கி நகர்த்திப் பார்த்து, ‘இவன் அப்பவே செத்துட்டானே’ என்கிறார்கள். பிள்ளைகள் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டுகிறார்கள். தர்க்கத்தை மறைக்க இயக்குநர் போட்ட பின்னணி இசை அந்த வேகத்தில் கீச்சிடுகிறது. ‘தர்பார்’ 2020 பொங்கலுக்குத் திரையரங்கில் கொண்டாட்டம். மறுபடி வீட்டில் பார்க்கும்போது மும்பை ஆணையர் ஆதித்ய அருணாச்சலம் நீதிமன்றம் என்ற ஒன்று இருப்பதையே மறந்துவிட்டது உறைக்கிறது. (அதிலும் எதிராளி சுனில் ஷெட்டிதான். அடுத்த மூணு வருஷத்துக்குள் அவரே தலைவன். தமிழ் ஆணையரிடம் தோற்றவருக்கு ஆறுதல் பரிசாகத் தமிழ் தாதா வேஷம்.)

தமிழ் ஆணையர் என்பது கற்பனையும் அல்ல. டி. சிவானந்தன் தொண்ணூறுகளின் இறுதியில் மும்பைக் குற்றப்பிரிவை நடத்தி, 2009இல் ஆணையராகவும் ஆனவர். ராம் கோபால் வர்மாவின் ‘கம்பெனி’யில் (2002) மோகன்லால் செய்த ஸ்ரீநிவாசன் அவரைப் பார்த்து எழுதப்பட்டது என்பார்கள். மோகன்லால் அதில் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பார், தொலைபேசியில் காத்திருப்பார், கோப்பைப் புரட்டுவார். 1999இல் வந்த மகாராஷ்டிரத் திட்டமிட்ட குற்றத் தடுப்புச் சட்டம் ஒட்டுக்கேட்ட உரையாடலைச் சாட்சியமாக ஏற்றது. அந்தக் காலத்துக் காவல்துறையின் நிஜ ஆயுதங்களில் ஒன்று காதில் மாட்டிய ஹெட்போன். வர்மாவுக்கு அது தெரிந்திருந்தது. ‘தர்பார்’ எடுத்த முருகதாஸுக்குத் தேவைப்படவில்லை.

செம்பூருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. திலக் நகர்ப் பையனாக இருந்த தாதா சோட்டா ராஜன் ஆரம்ப நாட்களில் சஹகார் தியேட்டர் வாசலில் பிளாக்கில் டிக்கெட் விற்றவர் என்பது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. வரிசையை உடைப்பது, கவுன்ட்டர்க்காரனைக் கையில் வைத்திருப்பது, எந்தப் படம் எத்தனை வாரம் ஓடும் என்று கணிப்பது, போலீஸ்காரரின் பங்கை எடுத்துவைப்பது என்று முழுத் தொழிலின் சின்ன அளவுப் பயிற்சிக்கூடம் அந்த வாசல். ‘கம்பெனி’யில் அவருடைய சாயல் கொண்ட சந்துவாக நடித்தவர் விவேக் ஓபராய். அந்தப் படத்தில் அவர் புதுமுகம், ஆனால் கூலி எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று கணக்குக் கேட்கும் பையனின் பசி முகத்தில் தெரியும். இருபது வருஷம் கழித்துத் ‘தாராவி பேங்’கில் போலீஸாக வந்து, பல்லைக் கடித்துக்கொண்டே இருக்கிறார். மகாநதியை இயக்கிய சந்தானபாரதியையும் தலைவனின் கூட்டத்துக்குள் கொண்டுவந்து உட்காரவைத்திருக்கிறார்கள். சீட்டுக் கம்பெனி மோசடி ஒரு குடும்பத்தை எப்படிக் கரைக்கும் என்று 1994இலேயே அடி அடியாகக் காட்டியவரிடம், இந்த பேங்க் எப்படி நடக்கிறது என்று படப்பிடிப்பு இடைவேளையில் யாராவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

‘காலா’வை ஏமாற்றம் என்று எழுதியவர்கள் நிறைய. 2018 ஜூனில் ரஜினி படமாகப் போய்ப் பார்த்தவர்களுக்கு அது புரிகிறது. சண்டை குறைவு, கூட்டம் போட்டுப் பேசுவது அதிகம். வீட்டில் நிதானமாகப் பார்க்கும்போது அந்தக் கூட்டங்கள்தான் நிற்கின்றன. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தின் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு யாருக்கு எத்தனை அடி, யார் தகுதியானவர், மீதி நிலம் யாருக்கு என்று ஜரீனாவும் காலாவும் மோதும் இடம், தமிழில் வந்த எந்தத் துப்பாக்கிச் சண்டையைவிடவும் பதற்றமானது. வேலைக்குப் போவதை நிறுத்தினால் இந்த நகரம் நின்றுபோகும் என்று காலா காட்டும் இடத்தில், அறுபது வருஷத்துக்கு முன் சாராயத்துக்குக் கட்டிய அதே ஆள்கட்டு வேறொன்றாக மாறுகிறது. செல்வியாக ஈஸ்வரி ராவ் பேசும் திருநெல்வேலிப் பேச்சு ஒன்றே தாராவியின் தமிழர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று சொல்லிவிடும். குறை இல்லாமல் இல்லை. வில்லன் ஹரி தாதா கடவுள் சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வசனம் பேசுகிற அளவுக்கு அவருடைய கட்டுமானக் கம்பெனி எப்படி டெண்டர் எடுக்கிறது, யாருக்கு எவ்வளவு போகிறது என்று படம் இறங்குவதில்லை. காலாவின் வீட்டு அடுப்பு எந்த வருமானத்தில் எரிகிறது என்பதும் மங்கல்தான். கறுப்பும் சிவப்பும் நீலமுமாகப் பொடி பறக்கும் முடிவு கண்ணுக்கு விருந்து. அந்தப் பொடிக்குள் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்ற கேள்வியும் மறைந்துபோகிறது.

‘வெந்து தணிந்தது காடு’ (2022) எனக்கு இந்த வரிசையில் மிகவும் பிடித்த முக்கால் படம். ஜெயமோகன் கதை, கௌதம் மேனன் இயக்கம், சிலம்பரசன். முள்ளுக்காட்டில் தீக்காயம் பட்ட முத்து மும்பை வந்து இசக்கியின் பரோட்டாக் கடையில் சேர்கிறான். மாவு பிசைவது, வீசுவது, எச்சில் இலை எடுப்பது, மாடியில் ஒருவர் மூச்சு இன்னொருவர் மேல் படும்படி வரிசையாகப் படுப்பது, காலையில் கக்கூஸுக்கு நிற்பது என்று படம் அவசரமே இல்லாமல் போகிறது. அந்தக் கடைக்குள் யார் பரோட்டா போட வந்தவன், யார் சுட வந்தவன் என்பது சாப்பிட வருகிறவருக்குத் தெரியாது. கொலைக்குக் கூலியும் பரோட்டாவுக்குக் கூலியும் ஒரே கல்லாவிலிருந்து வருகிறது. எதிர்க் கோஷ்டியில் நீரஜ் மாதவின் ஸ்ரீதரன் இதே நிலையில் மாட்டிக்கொண்டிருக்கிறான். இருவரும் முதலாளிகளைவிட ஒருவரையொருவர் நன்றாகப் புரிந்துகொள்கிறார்கள். ஓடிப்போக வழியில்லாத ஒரு வேலை இடத்தின் கதை இது. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பையன்கள் வடக்கே எந்த ஊர்க் கடைக்குப் போனாலும் அனுபவிப்பது. கடைசிப் பதினைந்து நிமிஷத்தில் முத்து திடீரென்று கோட்டுப் போட்ட தாதாவாகி நிற்கிறான். இவ்வளவு நேரம் ஒவ்வொரு ரொட்டியாகக் காட்டிய படம், ராஜ்ஜியம் கிடைத்த வழியை மட்டும் தாண்டிக் குதித்துவிடுகிறது. இரண்டாம் பாகத்துக்கு என்று வைத்திருப்பார்களாம்.

எங்கே நடக்கவில்லையோ அதையே சொல்லிக்கொண்டிருப்பதைவிட நடந்த இடங்களையும் பார்க்கலாம். முதல் இரண்டும் வீட்டில் பார்த்தவை. 2020 அக்டோபரில் சோனி லிவ்வில் வந்த ‘ஸ்காம் 1992’இல் துப்பாக்கி முக்கியமில்லை. ஹர்ஷத் மேத்தா வங்கி ரசீதை வைத்து ஒரு வங்கியின் பணத்தை இன்னொரு வங்கிக்குப் போகும் வழியில் எப்படிப் பங்குச் சந்தைக்குத் திருப்பினார் என்பதை ஹன்சல் மேத்தா பாடம் நடத்துவதைப் போலச் சொன்னார். பாடம் என்று தெரிந்தும் ஜனங்கள் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்தார்கள். மலையாளத்தில் ‘தங்கம்’ (2023), சியாம் புஷ்கரன் எழுதியது. திருச்சூரிலிருந்து நகைகளை உடம்போடு எடுத்துக்கொண்டு ரயிலில் போகிற ஏஜென்ட்டுகள், அவர்களில் ஒருவர் மும்பை லாட்ஜில் இறக்கிறார், மகாராஷ்டிரப் போலீஸ் அதிகாரியாக கிரீஷ் குல்கர்னி தெற்கே விசாரிக்க வருகிறார். முடிவைச் சொல்ல மாட்டேன். பட்டறை, சேதாரம், கடன், மானம் என்ற நான்கையும் தெரிந்துகொண்டால்தான் அந்தச் சாவு புரியும். படம் முதல் அரைமணியில் அவற்றையெல்லாம் நமக்கே தெரியாமல் கற்றுக்கொடுத்துவிடுகிறது. இத்தாலியில் ‘கொமோரா’வும் (2008) இப்படித்தான். நேபிள்ஸ் ரவுடிகளைக் காட்டிய மத்தேயோ கர்ரோனே, அவர்களுக்கு அடங்கிய பட்டறையில் உயர்தர உடை தைக்கும் ஒரு தையல்காரரையும், நச்சுக் கழிவைக் குறைந்த விலைக்குக் கொட்டித்தரும் ஒரு வியாபாரியையும் சேர்த்தே காட்டினார். தையலும் தோலும் கழிவும் தாராவியின் சோறு. அந்தப் படத்தைப் பார்த்த நம் இயக்குநர்கள் பைக்கில் வரும் பையன்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் என்றே தோன்றுகிறது.

எழுத்துக்கு வந்தால் தமிழ் இவ்வளவு ஏழையல்ல. பல வருஷம் பம்பாயில் வேலைபார்த்த நாஞ்சில் நாடன் ‘மிதவை’யிலும் ‘சதுரங்கக் குதிரை’யிலும் வேலை தேடுவதையும் தங்க இடம் தேடுவதையும் எழுதிய நுணுக்கத்தில் ஒரு தாதா படத்தின் முதல் பாதி முழுசாக இருக்கிறது. அம்பையின் ‘அந்தேரி மேம்பாலத்தில் ஒரு சந்திப்பு’ (2014) இன்னும் நேரடி. மும்பையில் துப்பறியும் தொழில் செய்கிற சுதா குப்தாவின் கதைகள் அவை. அவருக்குத் துப்பாக்கிச் சண்டை கிடையாது. வீட்டு வேலை, உள்ளூர் ரயில், அரிதாக வாய்க்கும் சும்மா உட்காரும் நேரம், இவற்றுக்கு நடுவில் காணாமல்போனவர்களும் பொய் சொல்பவர்களும் வருகிறார்கள். குற்றங்கள் சிறியவை, குடும்பத்துக்குள் ஒளிந்தவை. சத்தம் போடாமல் விசாரித்தால்தான் வெளியே வரும். மும்பைத் தமிழ் வாழ்வில் தாராவியும் உண்டு, மாட்டுங்காவின் சண்முகானந்தா அரங்கும் உண்டு, செம்பூர் செடா நகர் முருகன் கோயிலும் உண்டு. இவற்றுக்கிடையே ரயில் தண்டவாளமும் சாதியும் ஓடுகின்றன. டைப்ரைட்டரும் கணக்குப் புத்தகமுமாக இந்த நகரத்துக்கு வந்த தமிழர்களின் மூன்று தலைமுறை இருக்கிறது. தாதாவுக்கும் கணக்கெழுத ஆள் வேண்டும் என்று எந்தத் திரைக்கதைக்கும் தோன்றவில்லை.

இப்போதைய மும்பையில் எடுக்க வேண்டிய படம் காகிதத்தில்தான் இருக்கிறது. 2022 நவம்பரில், ‘தாராவி பேங்க்’ வந்த அதே மாதத்தில், தாராவி மறுசீரமைப்புக்கான டெண்டரை 5,069 கோடி ரூபாய்க்கு அதானி குழுமம் எடுத்தது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருந்ததாகக் காட்டுகிறவர்களுக்குத் தாராவிக்குள் 350 சதுர அடி வீடு இலவசம். பிந்தியவர்களுக்கும் மாடியில் இருப்பவர்களுக்கும் வேறு விதி, வேறு இடம். தாராவியில் எத்தனை வீடுகள் இரும்பு ஏணி வைத்த மாடிகள் என்று அங்கே ஒருமுறை நடந்தவர்களுக்குத் தெரியும். பழைய மின்கட்டண ரசீது, வாக்காளர் பட்டியலின் ஒரு பக்கம், மழையில் நனைந்த வாடகைச் சீட்டு, தாத்தா பெயரில் ஓர் எழுத்துப்பிழை ஆகியவை இன்றைக்கு ஒரு குடும்பத்தை உள்ளேயும் வெளியேயும் தள்ளக்கூடியவை. இப்படி எங்கெல்லாம் ஒரு தாளுக்கு விலை ஏறுகிறதோ அங்கெல்லாம் அந்தத் தாளைத் தயாரித்துக் கொடுக்கவும் தொலைத்துக் கொடுக்கவும் ஆள் முளைப்பது உலக வழக்கம். சாராய டியூபுக்கும் உப்பு மூட்டைக்கும் அடுத்த சரக்கு அதுவாகத்தான் இருக்க முடியும் என்று ஒரு திரைக்கதை எழுதினால், வேட்டி கட்டிய தலைவனுக்கு அதில் பெரிய வேலை இருக்காது. ஜெராக்ஸ் கடைக்காரருக்கு இருக்கும். நோட்டரிக்கு இருக்கும். கதாநாயகனாக நடிக்க யார் கால்ஷீட் கொடுப்பார்கள் என்பதுதான் சிக்கல். முத்துவின் இரண்டாம் பாகத்தை கௌதம் மேனன் எடுப்பதாக இருந்தால் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, இசக்கியின் பரோட்டாக் கடை நிற்கும் அந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம்.